கட்டைவிரல் சொன்ன கணக்கு

“நூத்தி நாலு!” என்றார் சேஃப்டி ஆபீசர் ஸௌந்தரராஜன், நெல்லையப்பனின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே.

நெல்லையப்பன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இன்றைய மெடிக்கலில் ‘ஃபிட்’ என்று எழுதிவிட்டால் வேலை நிரந்தரம். இன்றைக்கென்று பார்த்து, காலையிலேயே பி.பி. மெஷின் மண்டையைப் போட்டுவிட்டது. வேறு மெஷின் வாங்கிவர நர்ஸ் மெர்சி இருங்காட்டுக்கோட்டை போயிருந்தாள். விடுவாரா ஸௌந்தரராஜன்? ஒரே ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்து, அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவர். தொந்தியை முன்னே விட்டுக்கொண்டு, நாடி பார்க்க அவரே களத்தில் இறங்கிவிட்டார்.

“சும்மா உக்காந்திருக்கறச்சே நூறைத் தாண்டப்படாது. ஹார்ட்டுக்கு ஆபத்துய்யா.”

“சார், எங்க தாத்தா எம்பது வயசுலயும் பனை ஏறுனாவ சார்!”

“பேசாதே. பேசினா ஏறும். தண்ணி குடி.”

தண்ணீர் கேன் காலி. அவரே மாடிப்படி இறங்கி, கேன்டீனுக்கு ஓடி, பாட்டிலோடு மேலே ஓடிவந்தார். மூச்சு வாங்க மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார்.

“நூத்தி இருபது!”

நெல்லையப்பன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். நாற்காலியை விட்டு அசையவே இல்லையே!

“காத்து வேணும்” என்று ஸ்டோரிலிருந்து பெரிய ஃபேனை இழுத்துவந்தார் ஸௌந்தரராஜன்.

“நூத்தி முப்பத்தாறு! அடப்பாவி, என் ஷிஃப்ட்லயா!”

வேலை போனால் போகிறது, உயிர் போய்விடும் போலிருந்தது. நெல்லையப்பன் மனைவிக்குப் போன் போட்டான்.

“ஏட்டி மாடத்தி, பீரோ சாவி அரிசிப் பானைக்குள்ள கெடக்கு.”

“அத வச்சதே நாந்தான். எதுக்கு இப்பக் கோட்டிக்காரன் மாதிரி பேசுதிய?”

அவன் விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டான்.

அதற்குள் ஸௌந்தரராஜன் கேட்டில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து மடக்கு ஸ்ட்ரெச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார்.

“நூத்தி அம்பத்திரண்டு! பெருமாளே! நெல்லையப்பா, கண்ணை மூடாதேடா!”

புது மெஷினோடு உள்ளே நுழைந்த மெர்சி, அந்தப் பிடியையே பார்த்தாள்.

“இன்னா சார், கட்டைவிரல வச்சிக்கினு பாக்குறீங்க? காலைலேர்ந்து இப்டியேதானா?”

“ஆமாம்மா. ஏன்?”

“கட்டைவிரல்லயே ஒரு நாடி ஓடும் சார். இவ்ளோ நேரம் நீங்க எண்ணிக்கினு இருந்தது உங்களோடது. ஸ்ட்ரெச்சர்ல நீங்க படுங்க!”