ஏரிக்கு உப்பு போட்ட எஞ்சினியர்

படிக்காதவன் ஒரு தப்பு செய்தால் அது அதோடு முடிந்துவிடும். படித்தவன் தப்பு செய்யும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டே செய்வான். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே முன்னோர்கள் சொல்லாமல் விட்ட விளக்கங்கள் எல்லாம் என்னிடம்தான் சேர்ந்திருந்தன.

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்த கையோடு ஷார்ஜா வந்தேன். தொழிற்பேட்டையில், மீனுக்கும் கோழிக்கும் குளிர்கிடங்கு கட்டிக்கொடுக்கும் கம்பெனி. சேர்த்துவிட்டவர் என் அக்கா வீட்டுக்காரர் செல்வராசு மச்சான். அங்கே ஃபோர்மேன். மானேஜர் தாமஸ் சாரிடம் அவர் வைத்த சிபாரிசு இது: "என் மச்சினன் கோல்டு மெடல், சார்." (எனக்குக் கிடைத்தது கேரம் போட்டியில் ஒரு கப். அதுவும் இரண்டாம் பரிசு. மச்சான் உலோகத்தைப் பற்றி அதிகம் யோசிக்கிறவர் அல்ல.)

என் புரொபேஷன் முடியப்போகும் சமயத்தில் குளிர்காலம் வந்தது. கூடவே ஒரு வினோதமான ஆர்டரும் வந்தது. பெரிய கண்காட்சி அரங்கம் ஒன்றில் குளிர்காலத் திருவிழா. அதில் வடக்கே எங்கோ இருக்கும் ஒரு குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஏரியைக் காட்ட வேண்டுமாம். முழு ஏரியைக் கொண்டுவர முடியாது என்பதால் ஒரு துண்டை நாங்கள் செய்து தர வேண்டும். இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் உயிருள்ள மீன், மேலே மனிதர் நடக்கும் கனத்துக்கு ஐஸ், ஐஸின் மேல் ஒரு மரக்குடிசை, சுற்றிலும் குளிர்கிடங்குச் சுவர்.

தாமஸ் சார் திருச்சூர்க்காரர். சுருக்கமாகப் பேசுவார். "தம்பி, இந்த வர்க் உன் சார்ஜ். ஒழுங்கா நடந்தா உனக்கு இங்க வேலை உண்டு. இல்லேன்னா டிக்கெட் உண்டு."

டிக்கெட் எனக்குத்தான். ஆனால் ஏர்போர்ட்டில் தலை குனிந்து நிற்கப்போவது மச்சான்.

அந்த ஏரியிலிருந்து வந்திருந்தவர் ஹெல்கா மேடம். அங்கே ஐஸில் மீன் பிடிப்பவர்களின் சங்கத் தலைவி. ஐம்பதைத் தாண்டிய, கதவு அகலத்துக்கு இருக்கும் அம்மாள். உடைந்த இங்கிலீஷில், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கலாம் என்ற நிதானத்தில் பேசுவார். அவர் சொன்ன கதை இதுதான். அந்த ஏரிக்கரையில் ஒரு காகித ஆலை இருந்தது. கழிவைக் கொட்டிக் கொட்டி ஏரி செத்துப்போனது. அவர் சிறுமியாக இருந்தபோது அதில் ஒரு மீன் கிடையாது. பிறகு ஆலையை மூடினார்கள், ஊரே சேர்ந்து சுத்தம் செய்தது, மெல்ல மெல்ல மீன் திரும்பியது. இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏரி உறைந்ததும் ஊர்க்காரர்கள் அதன்மேல் மரக்குடிசைகளை இழுத்துக்கொண்டு போய் வைத்து, ஐஸில் துளை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிடித்ததில் பெரும்பாலானதைத் திரும்ப விட்டுவிடுவார்கள். ஏரி இன்னும் தேறிக்கொண்டுதான் இருக்கிறது, அவசரப்படுத்தக் கூடாது என்பது அங்கே சட்டம்.

நான் தமிழில் சொல்லக் கேட்ட மச்சானுக்கு ஒரு சந்தேகம்.

"விடுறதுக்கு எதுக்கு மாப்ள புடிக்கணும்?"

"அது ஒரு பண்பாடு, மச்சான்."

"வீட்ல சும்மா உக்கார விடமாட்டாங்கபோல."

இன்னொரு வழக்கமும் அந்த ஏரியில் உண்டு. ஒரு குடிசைக்காரர் இன்னொருவரிடம் எத்தனை மீன் என்று கேட்பது அநாகரிகம். "ஐஸ் எப்படி?" என்று கேட்க வேண்டும். "தாங்கும்" என்று பதில் சொல்ல வேண்டும். தாங்காது என்றால் பதில் சொல்ல ஆள் இருக்காது என்று ஹெல்கா மேடம் சிரிக்காமல் சொன்னார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கயிறு. அதில் மரப்பிடி போட்ட இரண்டு கூரான ஆணிகள். உள்ளே விழுந்தால் அவற்றை ஐஸில் குத்திப் பிடித்து மேலே ஏற வேண்டுமாம். இடுப்பளவு தொட்டிக்கு அது எதற்கு என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். (மனதுக்குள்தான். புரொபேஷன்.)

திறப்பு விழா நாள். மாலையில் அரங்கத்தின் உரிமையாளரான அரபு முதலாளி பேரப்பிள்ளைகளோடு வருவதாக ஏற்பாடு. அவரை அழைத்துவர தாமஸ் சாரும், தன் ஊர் உடையை மாட்டிக்கொள்ள ஹெல்கா மேடமும் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், ஐஸை உறையவைக்கும் சில்லர் இயந்திரம் நின்றுவிட்டது.

மச்சானின் ஆட்களான ஃபிட்டர்கள் அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஐஸைப் பார்த்தேன். அதன் முகத்தில் லேசாக வேர்த்திருந்தது. எனக்கும்தான்.

"தாமஸ் சாருக்கு ஒரு போனப் போட்ருவமா, மாப்ள?"

"வேணாம், மச்சான். இதுக்குப் போய் அவரைக் கூப்ட்டா எஞ்சினியர்னு நான் எதுக்கு இருக்கேன்?"

இந்தக் கேள்விக்கு அப்போதே யாராவது பதில் சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் படம் ஒன்று கண்முன் வந்தது. ஒரு குவளை, அதில் ஐஸ், மேலே உப்பு, நடுவில் தெர்மாமீட்டர். உப்பு போட்டால் ஐஸின் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போகும். உறைகலவை! ஐந்து மதிப்பெண் கேள்வி! நான் மச்சானிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. வளைகுடாவுக்கு வருமுன் அவர் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மீன் லோடு ஏற்றியவர்.

"அட, நாங்களும் மீன் பெட்டில அதத்தான செய்வோம்! ஐஸு மேல கல்லுப்ப அள்ளி வீசுனா மெட்ராஸ் வரைக்கும் மீனு வெறச்சு நிக்கும். இத நீ புத்தகத்துல படிச்சியா?"

படிப்பும் அனுபவமும் கைகுலுக்கிக்கொண்டன. அவை இரண்டும் ஒரே யோசனையைச் சொன்னால் ஓடிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.

டாக்ஸி பிடித்து, நம்மூர்க்காரர்கள் நிறைந்த ரோலா கடைத்தெருவுக்குப் பறந்தேன். நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் கீழக்கரை பாய் கடை.

"கல்லுப்பா? எத்தனை கிலோ, தம்பி?"

"இருக்கற மூட்டையெல்லாம் குடுங்க பாய்."

பாய் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "கருவாடு போடுறியளா? கேம்ப் ரூம்ல நாறுமே, சண்டைக்கு வருவாங்களே."

"கருவாடு இல்ல பாய். ஒரு ஏரிக்கு."

"கடலுக்குத்தான் அல்லாவே போட்டு வச்சிருக்கான். ஏரிக்குமா?" என்றபடி மூட்டைகளை டாக்ஸியில் ஏற்றச் சொன்னார். வியாபாரி அதற்குமேல் கேட்க மாட்டார்.

விதைப்பது போல் வீசினோம். மச்சான் வடக்குப் பக்கம், நான் தெற்குப் பக்கம். தெர்மாமீட்டரைக் குத்திவைத்தேன். மைனஸ் இரண்டு. மைனஸ் நான்கு. மைனஸ் எட்டு! நான் அதைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினேன். ஃபிட்டர்கள் கைதட்டினார்கள். "படிப்பு படிப்புதான்யா" என்றார் மச்சான், கண் கலங்க.

உப்பு ஐஸைக் கரைத்துத்தான் குளிரைக் கூட்டுகிறது என்ற தகவல் அதே பாடத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்துக்குப் போவதற்குள் மணி அடித்திருக்க வேண்டும். மச்சானின் மீன் பெட்டியிலும் ஐஸ் கரையத்தான் செய்தது. ஆனால் அதன்மேல் யாரும் குடிசை கட்டி உட்காரவில்லை.

சில்லரும் ஓடத் தொடங்கியது. முதலாளி வந்தார். வெள்ளை அங்கி, அமைதியான முகம், கையைப் பிடித்தபடி மூன்று பேரப்பிள்ளைகள். பின்னால் தாமஸ் சார், புது கோட்டில். ஹெல்கா மேடம் தன் ஊர்க் கம்பளி உடையில் ஐஸ்மேல் நடந்து குடிசைக்குப் போனவர், வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஐஸ் எப்படி?"

"மைனஸ் எட்டு, மேடம்!" என்றேன்.

தாங்குமா என்று கேட்டவரிடம் நான் டிகிரி சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, படித்த பையன் சொல்கிறான் என்று உள்ளே போய் உட்கார்ந்தார்.

முதலாளி குடிசை வாசல்வரை வந்து, குனிந்து, துளையைப் பார்த்தார். தாமஸ் சார் பின்னால் நின்று விளக்கினார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்கும் சத்தம், ஆனால் பெரிய அப்பளம்.

குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழவில்லை. மிக மரியாதையாக, லிஃப்ட் போல, கீழே இறங்கத் தொடங்கியது. ஜன்னலில் ஹெல்கா மேடத்தின் முகம் தெரிந்தது. அதில் எந்த மாற்றமும் இல்லை. கையில் தூண்டில் அப்படியே இருந்தது. ஜன்னலோடு சேர்ந்து அந்த முகமும் இறங்கியது. தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டதும் ஒரே ஒரு கட்டளை வந்தது, அரங்கம் முழுவதும் கேட்கும்படி:

"எல்லாரும் படு! குப்புறப் படு!"

ஐஸ் உடைந்தால் நிற்கக் கூடாது, பாரத்தைப் பரப்பிப் படுக்க வேண்டும். அது ஏரிச் சட்டம். அந்தக் குரலை மீறும் துணிவு யாருக்கும் இல்லை. ஃபிட்டர்கள் படுத்தார்கள். மச்சான் படுத்தார். பேரப்பிள்ளைகள் ஆனந்தமாகப் படுத்தார்கள். முதலாளி ஒரு கணம் தயங்கி, விருந்தினரின் பேச்சைத் தட்டக் கூடாது என்ற பண்போடு, வெள்ளை அங்கியோடு அந்த உப்புக் கூழில் படுத்தார். நின்றவர் தாமஸ் சார் ஒருவர்தான். அவர் மானேஜர் என்பதால் படுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குள், அவருக்குக் கீழே இருந்த ஐஸ் முடிவெடுத்துவிட்டது.

ஹெல்கா மேடம் கழுத்து ஆணிகளை ஐஸில் குத்தினார். ஐஸ் கஞ்சி போல் வழிந்தது. விரலை வாயில் வைத்துப் பார்த்தார். முகம் முதல்முறையாக மாறியது.

"உப்பு" என்றார். உடனே, "மீன்!"

அவை நன்னீர் மீன்கள். பிறகு நடந்தது எதற்கும் யாரும் பதவி பார்க்கவில்லை. வாளி, டிபன் பாக்ஸ், ஃபிட்டர்களின் ஹெல்மெட் என்று கிடைத்ததில் எல்லாம் மீனை அள்ளி நல்ல தண்ணீர் டிரம்முக்குக் கொண்டு ஓடினோம். முதலாளியின் பேத்தி தன் பூட்ஸில் இரண்டு மீனைத் தூக்கிப் போனாள். ஒரு மீன்கூடச் சாகவில்லை. சாகும் நிலையில் இருந்தது நான் மட்டும்.

"யாரு உப்பு போட்டது?" என்றார் தாமஸ் சார். அவர் கோட்டுப் பையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"நாந்தான் சார்" என்று மச்சான் முன்னால் வந்தார்.

"இல்ல சார், நான்தான். குளிரட்டும்னு..." என்றேன். உறைகலவையை விளக்கத் தொடங்கினேன். தாமஸ் சார் கையைக் காட்டி நிறுத்தி, "கலாஸ்" என்றார். முடிந்தது என்பதற்கு அரபியில் அதுதான் சொல். அதைவிடத் தெளிவாக அன்று யாரும் எதையும் சொல்லவில்லை.

அப்போது ஹெல்கா மேடம், போர்வையைச் சுற்றிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கள் ஏரிக்கும் இப்படித்தான் ஆலை கட்ட ஒருவர் வந்தார்" என்றார், வழக்கமான நிதானத்தில். "அவரும் எஞ்சினியர். அவரும் நல்லதுக்குத்தான் என்றார். அவரும் கையில் ஒரு மீட்டர் வைத்திருந்தார்."

முதலாளி ஈர அங்கியை உதறியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி அவர் கையை இழுத்து ஏதோ கேட்டாள். அவர் தாமஸ் சாரிடம் திரும்பினார்.

"அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?"

தாமஸ் சார் வியாபாரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாளைக்கு இதே நேரம், சார்."

இப்படியாக என் வேலை உறுதியானது. மச்சான் குடிசைக்கு அடியில் ஜாக்கி வைத்து வெல்டிங் செய்தார். ஹெல்கா மேடம் தன் ஏரியின் கதையைக் காட்சியாக வகுத்தார். அந்தத் திருவிழா முடியும்வரை தினமும் மாலையில், நான் டை கட்டி, கையில் தெர்மாமீட்டரோடு வந்து, மூட்டையிலிருந்து தெர்மாகோல் தூளை விதைக்க வேண்டும். குடிசை இறங்கும். பிள்ளைகள் என்னைப் பார்த்து ஊளையிடுவார்கள். "படு!" என்றதும் கூட்டமே படுக்கும். பிறகு மீன் திரும்பிவரும், எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கல்ல, மீனுக்கு. ரோலாவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தன. கீழக்கரை பாய் ஒருநாள் முன்வரிசையில் உட்கார்ந்து, "நம்ம கடை உப்புதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் போனுக்கு வீடியோ போனது. அக்கா அப்பாவுக்குக் காட்டினாள். அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "எஞ்சினியர்னா இதான் வேலையா? நல்லாத்தான் செய்றான்" என்றாராம்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டுக்கும் வீடியோ ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. பந்தியில் மாலையோடு உட்கார்ந்தேன். கூட்டு வந்தது, பொரியல் வந்தது, ஊறுகாய் வந்தது. என் இலையில் மட்டும் உப்பு வரவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் உப்புக் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, எதிரே நின்ற மச்சானைப் பார்த்தார்.

மச்சான் என் தோளைத் தட்டினார்.

"வாடகை மண்டபம், மாப்ள."