புரோலாக் பார்த்த சம்பந்தம்

யாருக்கும் தெரியாத கணினி மொழியைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவைக்கக் கிளம்புகிறவன், முதலில் முதலாளியின் குடும்பத்தை விட்டுத் தள்ளி நிற்கவேண்டும். எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை.

மாத்தளை டவுனில் ஒரு கணினி நிலையத்தில் நான் புது மாஸ்டர். பிள்ளைகள் கேட்பதெல்லாம் வெப்சைட் வகுப்பு; எனக்கோ புரோலாக் என்ற கணினி மொழிமேல் பைத்தியம். (கெம்பஸில் பாஸாகத் தேவையானதைவிடக் கூடுதலாக அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.) உண்மைகளையும் விதிகளையும் கொடுத்தால் போதும், பதிலை அதுவே தேடிக்கொள்ளும்.

புரோலாக் வகுப்புக்கு உரிமையாளர் கணேசன் சேர் ஒருவழியாக இறங்கி வந்தார். "சனிக்கிழம செஞ்சு காட்டுங்க. பிள்ளைங்க சேந்தா வகுப்பு. சேரலைன்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

சனிக்கிழமை இரத்தோட்டை பஸ் வந்ததும் பிள்ளைகளும் பெற்றோருமாக அறை நிறைந்தது. முன்வரிசையில் சேர், பக்கத்தில் அலுவலகம் பார்க்கும் அவருடைய தங்கை பத்மா மிஸ். நான் விளக்க விளக்க ஒரு முகத்திலும் அசைவில்லை. ஒரு தகப்பன் கொட்டாவி விட்டார்; அதைப் பார்த்து சேரும் விட்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பதற்றத்தில் ஒரு யோசனை வந்தது. (அப்படி வருபவற்றை நம்பக்கூடாது.) சேர், பத்மா மிஸ், அவர்களுடைய அம்மா, அம்மம்மா எல்லாரையும், யார் யாருடைய பிள்ளை என்று தட்டச்சு செய்தேன். பிறகு விதிகள்: ஒரே தாயின் பிள்ளைகள் உடன்பிறப்புகள். அம்மாவின் உடன்பிறப்பு மாமா. மாமாவின் மகள் முறைப்பெண். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சேருக்கு முறைப்பெண் யாருன்னு கேப்போமா?"

பெரிய திரையில் ஒரே பெயர் வந்தது: பத்மா.

பத்மா மிஸ் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இல்ல சேர், மிஸ் உங்க தங்கச்சின்னு அதுக்குத் தெரியும், இந்தா பாருங்க" என்று, மிஸ்ஸின் உடன்பிறப்புகள் யாரென்று கேட்டேன். கணேசன், பத்மா என்றது. மிஸ் தனக்கே தங்கச்சியாகிவிட்டார்!

நடுவில் ஒரு மாணவி எழுந்து என்னைப் பார்த்தாள். "சேர், ஒருத்தர் தனக்கே உடன்பிறப்பு ஆக ஏலாதுன்னு நீங்க சொல்லல்லயே. மாமான்னா ஆம்பளைன்னும் சொல்லல்ல. அதான் கணேசன் சேரோட அம்மாவே தனக்கு உடன்பிறப்பாகி, அவருக்கு மாமாவாயிட்டாங்க. மாமா மகள் மிஸ்!"

"அப்ப எங்க வீட்டப் போட்டுப் பாப்போம்" என்று பின்னால் ஒரு குரல். நாற்காலிகள் இழுபட்டன. விசைப்பலகையைச் சுற்றிக் கூட்டம்.

"வெளிய வாங்க" என்றார் சேர். நடைவழியில் அவர் காது சிவந்திருந்தது. "ஊர் முன்னால என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க?" வேலை போயிற்று என்றே நின்றேன்.

கதவு திறந்தது. பத்மா மிஸ். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணே, உள்ள பேர் குடுக்க நிக்கிறாங்க. என்ன சொல்றது?"

சேர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். "சேத்துக்க. இவர் மட்டும் இனி நம்ம குடும்பத்தத் தொடக்கூடாது."

அந்த வகுப்பு இன்றும் நடக்கிறது. விஷயம் காதுக்கு எட்டியதிலிருந்து எங்கள் வீட்டில்தான் நிம்மதி போயிற்று. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், என் தங்கச்சி முதலில் என் பக்கம்தான் திரும்புவாள்: "அண்ணே, அந்த லேப்டாப்ப மூடிட்டு வந்து உக்காருங்க."