மாமனாரின் பல்செட்

பல்செட் இரண்டு துண்டாக மேசைமேல் கிடந்தது. மாமனார் அடுத்த அறையில், பெட்டிக்குள், பொக்கை வாயோடு படுத்திருந்தார்.

"பல்லு வந்தா மாட்டிட்டு வாயை மூடிடலாம். சனம் வர்ற நேரமாச்சு," என்றார் சவப்பெட்டிக் கடைக்காரர்.

"எங்கப்பா பல்லில்லாம யார் முன்னாடியும் நின்னதில்ல," என்று மூத்த மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். பலபடிகள், அதாவது பாலிமர்கள்தான் அவர் பாடம். 'பிளாஸ்டிக் வாத்தியார்' என்று அந்த வீட்டில் அவரை இளக்காரமாகப் பேசியே பழக்கம். இன்றைக்குத்தான் முதல்முறையாக அவரால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. இதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்று மனிதருக்குத் தவிப்பு.

அலமாரியில் இரண்டு பசைகள் இருந்தன. குளியலறை விரிசலுக்குப் பூசும் சிலிக்கோனை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினார்.

"இது குறுக்கப் பலபடி. மூலக்கூறு ஒன்னோட ஒன்னு சேரும்போதெல்லாம் சின்னதா எதையாவது வெளியே தள்ளும். இது தள்ளுறது வினிகர் வாடை. மாமா வாயில அது வேண்டாம்."

"அப்ப அந்தச் சின்ன டியூப், சூப்பர் க்ளூ?" என்றார் மைத்துனர்.

"சேர்ப்புப் பலபடி. வர்றதெல்லாம் அப்படியே சேர்ந்துக்கும், எதுவும் வெளியே போகாது. துளி ஈரம் பட்டாப் போதும், சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே போகும்."

வகுப்பில் இதைச் சொல்லும்போது அவருக்குக் கை வியர்த்ததில்லை. துக்க வீட்டில் வியர்த்தது. பசை பல்செட்டின் இரண்டு துண்டையும் ஒன்றாக ஒட்டாமல், ஒரு துண்டை அவர் கட்டைவிரலோடு சேர்த்துக்கொண்டது.

"இழுங்க மாப்பிள்ளை!"

"இழுத்தா தோலோட வரும்!"

மைத்துனர் பதறிப்போய் ஒரு குவளைத் தண்ணீரை அவர் கையில் கவிழ்த்தார்.

"ஐயோ, ஈரந்தாங்க அதுக்குத் தீனியே!"

மிச்சப் பசையும் கல்லானது. இன்னொரு விரலும் மாட்டிக்கொண்டது. அவர் மனைவி நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனோடு ஓடி வந்தாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, விரலையும் பல்செட்டையும் சேர்த்தே ஊறவைத்தார்கள். விரல் விட்டது. ஆனால் பல்செட்டும் அக்ரிலிக்தான். அதுவும் சேர்ப்புப் பலபடி. அதற்கும் அசிட்டோன் ஆகாது. வருஷா வருஷம் பரீட்சையில் அவரே கேட்கிற கேள்வி. துக்கத்தில் மறந்துபோனார்.

இளஞ்சிவப்பு ஈறு கொழகொழத்தது. முன்பற்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"எங்கப்பா முகத்தையே கெடுத்துட்டீங்களே," என்றார் மைத்துனர். வாத்தியாருக்கும் அழுகை வந்துவிட்டது. மாமனார் உயிரோடிருந்தபோது திட்டியதெல்லாம் சரிதான் என்று தோன்றியது.

வாசலில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மற்ற துண்டை யாரும் சீந்தவில்லை. வாத்தியார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். மாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. ஒட்டத்தான் பார்த்தேன், மொத்தமா கெட்டுப்போச்சு."

மாமியார் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இனி யாராலயும் ஒட்ட முடியாதா?"

"முடியாது அத்தை."

மாமியார் நீளமாக மூச்சுவிட்டார்.

"நல்லதாப் போச்சு மாப்பிள்ளை. காலையில கதவிடுக்குல வச்சு அதை உடைச்சதே நான்தான்; அவர் பொக்கை வாயோட சிரிக்கிற அழகை இத்தனை நாளும் நான் ஒருத்திதான் பார்த்தேன், போற அன்னைக்காவது எல்லாரும் பார்க்கட்டும்."