மாமிகள் உட்கார்ந்த படம்

பாச்சை உருண்டை வாடையும் ஃபில்டர் காப்பி மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முதுகு வியர்க்கும். ஓசிக் காப்பியைக் கண்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிற ரகம் நான்.

செம்பூரில் என் மன்னி (அண்ணாவின் மனைவி) கம்பளி நூலில் ஒரு சுவர்ச்சித்திரம் நெய்திருந்தார். அதில் ஆளில்லை, மரமில்லை, மயிலில்லை. ஆரஞ்சு கீழிருந்து பொங்கும், ஊதாவில் மோதிச் சிதறும், நீலமாக மெலிந்து குர்லாவில் தடம் மாறும் ரயில்போல வளைந்தோடும். பார்த்துக்கொண்டே நின்றால் நாம்தான் நகர்கிறோமோ என்று இருக்கும். அன்று மாலை அவருடைய முதல் கண்காட்சி. "யாராவது வருவாளாடா?" என்று வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்திரத்தைச் சுருட்டி கோட்டைப் பக்கத்து காலரியில் சேர்ப்பது என் பொறுப்பு. (வீட்டில் எனக்குத் தரப்பட்ட கடைசிப் பொறுப்பும் அதுவே.)

வழியில், மாட்டுங்காவில் நண்பனின் கல்யாணம். முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாமே என்று இறங்கி, சுருளை மண்டப வாசலில் சாய்த்தேன். ஏற்கெனவே அங்கே சில சுருள்கள் சாய்ந்திருந்தன. எல்லாம் ஜமக்காளம். இரண்டாவது காப்பியோடு திரும்பினால், மேடைக்கு முன்னால் மன்னியின் ஆரஞ்சு விரிந்து கிடக்கிறது. அதன்மேல் பாச்சை உருண்டை வாடையோடு வரிசையாகப் பட்டுப்புடவைகள்.

"மாமி, எழுந்திருங்கோ! அது படம்!"

"படத்தை யாராவது தரையில விரிப்பாளா? பேஷா மெத்துனு இருக்கு."

"மாடர்ன் ஆர்ட் மாமி. நிறங்களோட அசைவு..."

"முகூர்த்த நேரத்துல என்னடா அசைவு? நீ முதல்ல அசையாம நில்லு!"

கெட்டிமேளம். அட்சதை மழை. மஞ்சள் அரிசி கம்பளிக்குள் குடியேறிய பிறகுதான் மாமி எழுந்தார்.

"நிஜமாவே படமா? அடப்பாவி, முன்னாடியே சொல்லப்படாதோ?" (சொன்னேனே!) "எங்கே மாட்டப்போறா?"

இடத்தைச் சொன்னேன்.

காலரியில் மன்னி சுருளைப் பிரித்ததும் அரிசி உதிர்ந்தது. இருவரும் குனிந்து அரிசி பொறுக்கினோம். ஊதாவின் ஓரத்தில் உள்ளங்கையளவு மஞ்சள் கறை மட்டும் போக மறுத்தது. விளக்கு போட்டார்கள். அண்ணா, நான், காலரிக்காரர். வேறு ஒருவரும் இல்லை. மன்னி முந்தானையை முறுக்கியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாசலில் பட்டுப்புடவை சரசரத்தது. வெற்றிலைச் சிவப்பும் தாம்பூலப் பையுமாக மாமிகள்! நேரே சித்திரத்தின் முன்னால் போய் நின்று அவரவர் இடத்தைத் தேடினார்கள்.

"நான் அந்த ஊதாவுல இருந்தேன்."

"இல்லடி, அது நான். நீ ஆரஞ்சு."

என்னை அதட்டிய மாமி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "உக்காந்தப்போ தெரியலை. நின்னு பார்த்தா ஓடறதே!"

மன்னி வாய்விட்டுச் சிரித்தார்.

இன்றும் குடும்ப விசேஷங்களில் என்னை வாசலிலேயே நிறுத்தி, "கையில ஏதாவது சுருட்டிண்டு வந்திருக்கியா?" என்று சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். போகட்டும். அன்று கிளம்பும்போது அந்த மாமி மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் எங்கள் வீட்டுக் கலை விமர்சனம்:

"அடுத்ததை இன்னும் கொஞ்சம் பெரிசா நெய்யும்மா. எங்காத்து மாமாவுக்கு இடமே இல்லை."