தேடினால் வராத வேலை

நாவற்குடா றெஜி அந்த வெள்ளிக்கிழமை ஒரு முடிவெடுத்தான். பிரதேச சபைக்குத் தகவல் இணைப்பாளர் ஒருவரை வேலைக்கு எடுக்கப் போவது மனைவி டினோஷாவுக்குத் தெரியவே கூடாது.

சபையின் வெப்சைட்டைப் பார்க்கிற எழுதுவினைஞன் அவன். "நான் ஒரு நாள் போகாட்டி சபை நிண்டுரும்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். சபையிலோ, அவன் லீவில் நின்றது திரும்பி வந்து சொன்னால்தான் தெரியும். இந்த நிலையில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்த மனைவி அதே கந்தோருக்கு, அதுவும் அவனுக்கு மேலே வந்து உட்கார்ந்தால்?

வேலை அறிவித்தலை வெப்சைட்டில் போடாமல் விடவும் முடியாது, அது சட்டம். போட்டான். எழுத்தாகத் தட்டாமல், கடதாசியைப் படம் பிடித்துப் போட்டான். தலைப்பு வெறும் "அறிவித்தல்".

அப்படிப் போட்டால் கூகுளில் அகப்படாது என்பது அவனுக்கு அனுபவம். சந்தைக் கடைகளுக்கு விண்ணப்பம் கோரியதையும் அப்படித்தான் போட்டிருந்தான். திகதி முடிந்த பிறகு, இடியப்பம் விற்கிற ஆமினா உம்மா வந்து நின்றார்.

"மகள் போன்ல தேடித் தேடிப் பாத்தா, மகன். ஒண்டும் வரல்ல."

"வெப்சைட்ல கிடக்கே உம்மா."

அவர் படியிறங்கிப் போனார். அந்த வித்தை மட்டும் றெஜியின் மனதில் நின்றுவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் டினோஷா போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலை தேடினா எல்லாம் கொழும்புதான் வருது. உங்கட சபையில ஒண்டும் இல்லயா?"

"இருந்தா தேடினா வரும்தானே, புள்ள."

"ஓம், வரத்தானே வேணும்" என்றாள் அவள்.

விண்ணப்பத் திகதி முடிந்தது. செயலாளர் அவனைக் கூப்பிட்டார்.

"ஒரேயொரு விண்ணப்பம்தான் வந்திருக்கு. ஏன் றெஜி?"

"சனத்துக்கு ஆர்வமில்ல, மிஸ்."

நேர்முகத்தன்று செயலாளரின் அறைக்கு வெளியே ஒற்றைக் கதிரையில் நீலச் சேலையோடு டினோஷா இருந்தாள். றெஜி கோப்பைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"உங்கட வெப்சைட்ல எல்லாம் கிடக்கு, மிஸ். தேடினாத்தான் ஒண்டும் வராது. வீட்டுக்குக் கட்டுற வரிய நீங்க 'மதிப்பீட்டு வரி' எண்டு எழுதுறீங்க. சனம் 'சோலைவரி கட்டுறது எங்க' எண்டு தேடுது. அந்தச் சொல்லும் வெப்சைட் பக்கத்தில இருக்க வேணும். படமாப் போடாம எழுத்தாப் போட வேணும். சனத்துக்குக் கிடைக்காத அறிவித்தலும் போடாத அறிவித்தலும் ஒண்டுதான்."

வேலை அவளுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் றெஜி கேட்டான்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தேடினன், வரல்ல. சபை வெப்சைட்டப் பாக்கிற ஆள எனக்குத் தெரியும்தானே. நேர வெப்சைட்டுக்குள்ள போய் ஒவ்வொரு படமாத் திறந்து பாத்தன்." இறால் உரித்தபடியே சொன்னாள். "என்னோட படிச்ச கெட்டிக்காரர் எவ்வளவு பேர் வேலையில்லாம இருக்காங்க. அவங்க கண்டிருந்தா எனக்குக் கிடைச்சிருக்காது. ஒருத்தரும் காணாம நீங்கதான் வைச்சுத் தந்தீங்க."

அவள் சிரிக்கவில்லை. அது நன்றியா வேறெதுவுமா என்று றெஜிக்குப் பிடிபடவில்லை.

"ஆனா அது அந்தப் புள்ளைகளுக்குச் செஞ்ச அநியாயம். இனி நடக்கக் கூடாது" என்றாள்.

நடக்கவில்லை. பழைய படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, சனம் பேசுகிற சொல்லிலேயே பக்கங்களை எழுதினாள். "குப்பை வண்டி வரல்ல", "தெரு லைட் எரியல்ல", "ரோட்டுல நாய் செத்துக் கிடக்கு", எதைத் தேடினாலும் கூகுளில் முதலாவதாகச் சபையின் பக்கம்தான் வருகிறது. அதன் உச்சியில், முறைப்பாடுகளுக்குப் பொறுப்பானவர் என்று றெஜியின் படமும் போன் நம்பரும்.