எண்ணூற்றைம்பது வாட்

ருஜெரோ கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த சீட்டை டார்ச் அடித்துப் படித்தான். ஐந்நூற்றைம்பது வாட்.

"புது கிராபிக்ஸ் கார்டுக்கு அது போதுமா, போதாதா?" என்றாள் மனைவி லொரெதானா.

"கார்டுக்கு முந்நூத்தி இருபது. புராசஸருக்கு நூத்தி இருபத்தஞ்சு. மத்ததுக்கு அம்பது. கூட்டினா நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. போதும். ஆனா கார்டு திடீர்னு கண்ணிமைக்கிற நேரத்துக்கு ரெண்டு மடங்கு இழுக்கும். அப்ப போதாது."

"போதாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லத் தெரியாதா உனக்கு?"

ருஜெரோ இத்தாலியின் தாரந்தோ நகரில் கட்டடப் படங்கள் செய்து தருபவன். இன்னும் கட்டாத ஒரு கடற்கரை ஹோட்டலுக்குள் நடந்து போவது போல ஒரு வீடியோவை, திங்கட்கிழமை காலை அந்த ஹோட்டல் முதலாளி கார்லூச்சியிடம் காட்ட வேண்டும். காட்டினால் ஒரு வருடத்துக்கு வேலை. காட்டாவிட்டால் அந்த வேலை கார்லூச்சியின் மைத்துனனுக்கு. வீடியோவை உருவாக்கக் கணினிக்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அவனுடைய பழைய மென்பொருளுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

புதன்கிழமை எண்ணூற்றைம்பது வாட் பவர் சப்ளை வாங்கி மாட்டினான். "எண்ணூத்தம்பதுங்கறது குடத்தோட அளவு. குடிக்கிற அளவு இல்ல. கணினி தனக்கு வேணுங்கறதை மட்டும்தான் எடுத்துக்கும்," என்று மனைவிக்கு விளக்கினான். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காலை பதினொன்றரைக்கு, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

"மூணு கிலோவாட்டைத் தாண்டினா மீட்டரே விழுந்துடற வீட்ல காலையில அயர்ன் பண்ணுவாங்களா?" என்று கத்திவிட்டு, மூன்று மாடி இறங்கி மீட்டர் அலமாரிக்கு ஓடினான். அங்கே ஏப்ரனோடு எதிர்வீட்டு அம்மாள் சினியோரா வீத்தா நின்றிருந்தார்.

"என் கரண்ட் அடுப்பும் நின்னுபோச்சு தம்பி. உள்ள தியெல்லா வெச்சிருந்தேன். அரிசியும் சிப்பியும் பாதி வேக்காட்டுல நிக்குது."

ருஜெரோவுக்கு உடல் கூசியது. தன் கார்டு இழுக்கும் இழுப்பில் எதிர்வீட்டு அடுப்பே அணைகிறதா? "மன்னிச்சுக்கங்க சினியோரா. என் கம்ப்யூட்டர்தான்."

"பரவாயில்ல. முதல்ல சுவிட்சைத் தூக்கி விடுங்க."

எப்படிப்பட்ட மனுஷி என்று நெகிழ்ந்தபடி மேலே ஏறினான்.

வியாழக்கிழமை வாஷிங் மெஷினையும் அடுப்பையும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டான். பகல் பன்னிரண்டுக்கு மின்சாரம் போயிற்று. மீட்டரடியில் அதே ஏப்ரன்.

மறுநாள் ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினான். அப்படியும் மின்சாரம் போயிற்று. மாமியார் கொடுத்தனுப்பி, உறைய வைத்திருந்த தக்காளிச் சாறு உருகித் தரையெல்லாம் சிவந்தது.

"வீடா இது, கொலை நடந்த இடமா?" என்றாள் லொரெதானா. "வேற எதுவுமே ஓடலையே. எப்படிப் போச்சு?"

அதுதான் ருஜெரோவுக்கும் புரியவில்லை. பிளக்கில் சொருகி வாட் அளக்கும் கருவி ஒன்று வாங்கிவந்தான். கணினி முழு வேகத்தில் ஓடும்போது அது நானூற்றெண்பது காட்டியது. மீட்டரோ மூவாயிரம் வரை தாங்கும். நானூற்றெண்பதால் மூவாயிரம் எப்படி விழும்? அரை மணி நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"கருவி மட்டம்."

"கருவியா?" என்றாள் லொரெதானா.

மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்து, கெஞ்சிக் கூத்தாடி, வீட்டு இணைப்பை நாலரை கிலோவாட்டாக உயர்த்தச் சொன்னான். சனிக்கிழமை மதியம் மீட்டர் திரையில் புதிய எண் வந்தது. உடனே ஒரு பெட்டி இனிப்போடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இனிமே உங்க அடுப்பு அணையாது சினியோரா. நாலரைக்கு ஏத்திட்டேன்."

சினியோரா வீத்தா அவன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும் தம்பி. நாளைக்கே என் பொண்ணு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிடறேன்."

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வீடியோவை ஓடவிட்டான். பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. திரையில் எண்பது சதவீதம், தொண்ணூறு சதவீதம். எதிர்வீட்டிலிருந்து வறுவல் வாசனை வந்தது. பேரப் பிள்ளைகள் மாடிப்படியில் கத்தின. லொரெதானா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"தொண்ணூத்தேழு," என்றான் ருஜெரோ. "பார்த்தியா, கணக்கு பொய் சொல்லாது."

திரை கறுத்தது.

மூன்று மாடியையும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. மீட்டரடியில் சினியோரா வீத்தா, கையில் கரண்டியோடு, முகத்தில் இந்த வாரத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் வருத்தத்தோடு காத்திருந்தார்.

"குறை சொல்றேன்னு நினைக்காதீங்க தம்பி, ஆறு கிலோவாட்டாவே வாங்கியிருக்கலாம், வீட்டை ரெண்டா பிரிச்சப்போ என் சமையல்கட்டு வயரை உங்க மீட்டர்லயே விட்டுட்டாங்க, நாலரையில என் ரெண்டு அடுப்பும் சேர்ந்து ஓட மாட்டேங்குது."