கொல்லைப்புறத்துத் தங்கச் சுரங்கம்

யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த தை மாதம், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு நான் ஒரு தீர்மானம் செய்தேன். பொன்னன் என்று எனக்குப் பெயர் வைத்தார்களே தவிர, முப்பத்திரண்டு வருஷமாக என்னிடம் பொன் என்று இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான். இனிமேல் அப்படி இல்லை. நான் தங்கம் எடுக்கப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். என் மனைவி தீர்த்தம்மாளே சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்தே நான் கொஞ்சம் உஷாராக இருந்திருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

தங்கம் எடுக்க எனக்கு என்ன யோக்யதை என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின மார்கழியில் சித்தேரி மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுக் கல் ஆராய்ச்சி செய்த ஒரு துரைக்கு இருபது நாள் பை தூக்கியவன் நான். பை தூக்கியது தோள், படித்தது மூளை. துரை கல்லை உடைப்பார், பூதக்கண்ணாடியில் பார்ப்பார், குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் சொல்லுவார். குமாஸ்தா வெற்றிலை போட்டுக்கொண்டே தமிழில் எனக்குச் சொல்லுவார். இருபது நாளில் மலை எனக்குத் திறந்த புஸ்தகமாகிவிட்டது. ஊரில் மற்றவர்கள் தங்கத்துக்காக மொரப்பூரில் ரயிலேறிக் கோலாருக்குப் போனார்கள். பாவம், படிக்காதவர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணமான அன்று தீர்த்தம்மாளுக்கு இரண்டு வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டோடு ஒரு கிணறு, மூக்கில் ஒரு பொன் மூக்குத்தி. எட்டு வருஷமாயிற்று. மூக்குக் குத்தின துளை தூர்ந்து போகாமலிருக்க அவள் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் செருகியிருந்தாள். தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து ஓடைக்குப் போய் வந்தாள். அந்தக் குச்சியைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். அதனால் நான் அவள் முகத்தை அதிகமாகப் பார்ப்பதில்லை.

"கேட்டியா தீர்த்தா! மலையில வெங்கச்சங்கல்லு வரி வரியா ஓடுது. வெள்ளை வெளேர்னு இருக்குமே, அந்தக் கல்லு. பொன்னு அதுக்குள்ளதான் குடியிருக்குது."

"இருந்துட்டுப் போவட்டும். நமக்கு என்னாங்க?"

"மழையில கல்லு ஒடையும். பொன்னு வெளிய வரும். ஓடையில அடிச்சிட்டு வரும். பொன்னு கனம் இல்லியா? ஓடை வளையிற எடத்துல தண்ணி வேகம் கொறையும். அங்க பொன்னைப் போட்டுட்டுப் போயிடும். கருமணலு எங்க ஒதுங்குதோ அங்க பொன்னும் ஒதுங்கும்!"

"கனமானது வளைவுல நின்னு போவும். அப்பிடித்தானுங்களே?"

"அதேதான்! ஒனக்குக் கூடப் புரிஞ்சிடுச்சே!"

"எட்டு வருசமா கொடத்த இடுப்புல வெச்சிக்கிட்டு அந்த வளைவுலதான் நின்னு மூச்சு வாங்கறேன். கனம்னா என்னான்னு எனக்குப் புரியாதுங்களா?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அவள் விடவில்லை.

"அது கெடக்கட்டுங்க. வர்ற ஆடியில இந்த வூட்ல மூணு பேரு."

"யாரு வர்றது? ஒங்க அண்ணனா?"

அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள். எட்டு வருஷம் காத்திருந்தவனுக்கு அந்தக் கை சொன்னது புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவள் கேட்டாள்.

"வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, ரெண்டையும் என்னால சொமக்க முடியாதுங்க. சித்திரைக்குள்ள ஒரு கெணறு வெட்டிக் குடுங்க."

"கெணறா! கொல்லையில ரெண்டு மொழத்துல பாறை. தண்ணியே வராது. சயின்ஸுப்படி சொல்றேன். பொன்னு மட்டும் கெடைக்கட்டும், தண்ணி தூக்கறதுக்கு ஆளே வெச்சுடறேன்!"

"சரிங்க. ஓடைக்குத்தானே போறீங்க, கொடத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

பதினைந்து நாள் ஓடை வளைவில் நின்றேன். கேழ்வரகில் கல் அரிக்க அவள் வைத்திருந்த மரவைதான் என் ஆயுதம். மரத்தில் குடைந்த அகலமான தட்டு அது. மணலை அள்ளிப் போட்டு, தண்ணீர் விட்டு, ஆட்டுவேன். கருமணல், வெண்மணல், பொன், எல்லாம் ஒற்றுமையாக வெளியே போய்விடும். தட்டு மட்டும் மிஞ்சும்.

"ஏங்க, கேவுரு அரிக்கிற மாதிரி மெதுவா சொழட்டுங்க. லேசானது வழிஞ்சு போவட்டும், கனமானது அடியில நிக்கட்டும்" என்று கரையிலிருந்து தீர்த்தம்மாள் சொன்னாள்.

"இது சயின்ஸு. அடுப்படி வேலை இல்ல. நீ சும்மா இரு!"

பதினைந்து நாளில் எனக்குக் கிடைத்தவை: அரை லாடம் ஒன்று, நத்தை ஆறு, ஜலதோஷம். பதினாறாம் நாள் காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, ஒரு சந்தேகம். கூழாங்கல்லு எப்பிடி உருண்டையாவுது?"

"தண்ணியில உருண்டு உருண்டுதான்."

"அப்ப நம்ம கொல்லையில, கோழிக்கூண்டுப் பக்கம் அத்தனை கூழாங்கல்லு கெடக்குதே. அதையெல்லாம் யாருங்க உருட்டினது?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடை இடம் மாறும் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறாரே! ஒரு காலத்தில் ஓடை என் கொல்லையில் ஓடியிருக்கிறது. அது போட்டுவிட்டுப் போன பொன்னெல்லாம் என் கோழிக்கூண்டுக்கு அடியில்!

"அதனாலதான் கோடையில கூட அங்க மட்டும் அறுகம்புல்லு காயறதில்ல போலிருக்குது" என்றாள் அவள்.

புல் சமாசாரத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புல்லுக்கும் பொன்னுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு ஜலதோஷமாக இருந்ததால் முதல் மரவை மண்ணை அவளே அரித்துக் கொண்டுவந்து காட்டினாள். கருமணல் பிறையாக ஒதுங்கியிருந்தது. அதன் மேல் மூன்று மஞ்சள் பொடிகள் மினுக்கின. நான் குதித்த குதியில் கோழிகள் கூரைக்குப் போய்விட்டன.

"தீர்த்தா! இது என்னா?"

"மஞ்சளா இருக்குதுங்க."

"பொன்னுடி! பொன்னு!"

"நீங்க சொன்னா சரிங்க."

அன்றே கடப்பாரை எடுத்தேன். கனமான பொன் அடிப்பாறை வரை இறங்கித்தான் நிற்கும், ஆகையால் பாறை தட்டும் வரை தோண்ட வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் மிகவும் கவனமாகக் கேட்டாள். அவளும் இரண்டு யோசனை சொன்னாள். "வட்டமா வெட்டுங்க, சதுரமா வெட்டினா மூலை சரியும். ஏறி எறங்க பக்கத்துல படி விட்டுக்குங்க." நல்ல யோசனைதான். ஏற்றுக்கொண்டேன்.

ரகசியத்தைக் காப்பது எப்படி? அதற்கும் என்னிடம் மூளை இருந்தது. பக்கத்து வீட்டு மாது வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்னாண்ணா, கெணறா?"

"கெணறுதான் மாது! வேற என்னா வெட்டுவாங்க?"

என்ன சாமர்த்தியமான பதில் பாருங்கள்! மாது அப்படியே நம்பிவிட்டான். "எனக்கும் தெனம் நாலு கொடம் குடுத்தா போதும்ணா" என்று சொல்லி, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வந்து மண் கூடையைக் கயிறு போட்டு மேலே இழுத்தான். ஊரே நம்பியது. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, "புள்ளத்தாச்சிக்காக வெட்டறான், நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தினார்கள். இத்தனை ஏமாளிகளை ஒரே ஊரில் வைத்திருக்கிறானே கடவுள் என்று குழிக்குள் குனிந்து சிரித்துக்கொண்டேன்.

ஒரு ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழம். இரண்டு முழத்தில் இருக்கிறது என்று நான் சயின்ஸுப்படி சொன்ன பாறையைக் காணவே இல்லை. தினமும் சாயங்காலம் கடைசிக் கூடை மண்ணைத் தீர்த்தம்மாள் அரித்து வந்து காட்டுவாள். இரண்டு மூன்று பொடிகள் மினுக்கும். இருமல் மருந்துச் சீசாவில் சேர்த்து வைத்தேன். அந்தப் பொன்னில் ஒரு அதிசயம் கண்டேன். எனக்கு இடுப்பு வலி வந்து, "போதும், விட்டுடலாம்" என்று சொல்லும் நாளில் பத்துப் பன்னிரண்டு பொடிகள் வரும். நான் உற்சாகமாக இருக்கும் நாளில் ஒன்றுதான் வரும். துரைக்குக் கூட இந்த விதி தெரிந்திருக்காது.

அவளுக்கும் அந்த நாட்களில் ஓயாத வேலை. மாதுவிடமிருந்து அரம் ஒன்று இரவல் வாங்கி வந்திருந்தாள். அடுப்படியில் கரகரவென்று ராவும் சத்தம் கேட்கும். "என்னா தீர்த்தா?" என்றால், "அரிவாளுக்குப் பல்லு வெக்கறேங்க" என்பாள். மற்ற நேரத்தில் நான் வெட்டிக் கொட்டின சரளைக் குவியலுக்குப் பக்கத்தில் மரவையோடு உட்கார்ந்து எதையோ அலசுவாள். "கூழாங்கல்லைக் கழுவி வாசல்ல பரப்பலாம்னுங்க" என்றாள். பொன் விளையும் வீட்டில் கூழாங்கல் கழுவுகிறாளே என்று பரிதாபப்பட்டேன்.

பங்குனி கடைசியில், நான்கு ஆள் ஆழத்தில், கடப்பாரை பாறையில் ணங்கென்று மோதியது. என் இதயமும் ணங்கென்றது. வந்துவிட்டது அடிப்பாறை! பாறைக்கு மேலே கெட்டியாக இருந்த சரளையில் கடப்பாரையை இறக்கி நெம்பினேன். சளசளவென்று ஒரு சத்தம். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது.

"தீர்த்தா! குடி முழுகிப் போச்சு! சுரங்கத்துல தண்ணி!"

மேலே ஏறி வந்தால், தட்டில் மஞ்சள், குங்குமம், தேங்காய், கற்பூரம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அவள் நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர். என் சுரங்கத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "அழுவாத, இருக்கிற பொன்னு போதும்." மாது தேங்காயை உடைத்தான். ஊர் திரண்டு வந்து தண்ணீரைக் குடித்துப் பார்த்து இளநீர் என்றது. அது கிணறு என்று அந்த நிமிஷம் வரை தெரியாமலிருந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

மறுநாள் சீசாவை மடியில் கட்டிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கு நடந்தேன். பொன் வேலை செய்யும் முனியப்ப ஆசாரி பொடியைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். பொடி பச்சையாக நுரைத்துக் காணாமல் போனது.

"பித்தளைங்க."

"நல்லாப் பாருங்க ஆசாரி."

"நல்லாப் பாத்தாலும் பித்தளைதானுங்க. அரத்துல ராவின தூளு." அவர் தலையைச் சொறிந்தார். "உங்க வூட்டம்மா கொண்டாந்தது அசல் பொன்னா இருந்துச்சு. நீங்க ஏன் பித்தளையக் கொண்டாறீங்க?"

"யாரு வூட்டம்மா?"

"உங்க வூட்டம்மாதானுங்க. கடுகு கடுகா ஒரு துணியில முடிஞ்சு கொண்டாந்தாங்க. ஓடைப்பொன்னு. உருக்கி மூக்குத்தி அடிச்சுக் குடுத்தேன். பத்து நாளா போட்டிருக்காங்களே, நீங்க பாக்கலீங்களா?"

மலைக்குள்ளே இருக்கும் பொன்னைப் பார்த்தவன் நான். மூக்கு மேலே இருக்கும் பொன்னை எப்படிப் பார்ப்பேன்? நாலு மைல் வழியெல்லாம் கோபத்தைச் சேர்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவள் கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். திரும்பினாள். குச்சி இருந்த இடத்தில் மூக்குத்தி. மிளகு அளவுகூட இல்லை, ஆனால் பளிச்சென்று இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். குடித்தேன். கோபத்தில் பாதி தொண்டையோடு இறங்கிவிட்டது. பாக்கிப் பாதியை வைத்துக்கொண்டு கத்தினேன்.

"பித்தளை எங்கிருந்துடி வந்துச்சு?"

உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்து வந்து வைத்தாள். அதன் வாய் விளிம்பைப் பாதிக்கு மேல் காணவில்லை.

"நல்ல கொடத்த எதுக்கு ராவின?"

"ஓடைக்குப் போற வேலை இல்லன்னா அந்தக் கொடம் எதுக்குங்க?"

"பொன்னுன்னு சொல்லி ஏமாத்திட்டியே!"

"பொன்னுன்னு நான் எப்பங்க சொன்னேன்? மஞ்சளா இருக்குதுன்னுதானே சொன்னேன். கெணறு வெட்டுங்கன்னு எட்டு வருசம் நெசத்தையே சொன்னேன். ஒரு சாண் வெட்டுனீங்களா?"

சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடியிலேயே உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணுங்க. நீங்க சொன்ன சயின்ஸு அத்தனையும் நெசம். நீங்க வெட்டிக் கொட்டின சரளைய கேவுரு அரிக்கிற மாதிரி அரிச்சேன். கருமணலோட பொன்னும் நின்னுச்சு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ரெண்டு வாக்குக் குடுத்தீங்க, ரெண்டையும் நெறவேத்திட்டீங்க."

அவள் குரலில் கேலி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை. எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து, நிதானமாக, வெட்கமில்லாமல் பார்த்தேன். மூக்குத்தி அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆடியில் வரப்போகிற பிள்ளைக்கு வீட்டோடு தண்ணீர், அம்மா மூக்கில் அப்பா வெட்டின பொன். சந்தோஷத்தில் எனக்கு மறுபடியும் ஆசை வந்துவிட்டது.

"அப்ப இன்னும் தோண்டினா இன்னும் பொன்னு கெடைக்குமா தீர்த்தா?"

"அது எனக்கு எப்பிடிங்க தெரியும்? புள்ள பொறந்தா ஒரு தென்னங்கன்னு வெக்கணும்னு வேலியோரமா எடம் பாக்கப் போனேன். அங்க வெள்ளையா ஏதோ கல்லு ஒண்ணு மண்ணுல பதிஞ்சு கெடக்குது. அது என்னா கல்லுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். வெங்கச்சங்கல்! சந்தேகமே இல்லை, வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல். கடப்பாரையை எடுத்தேன்.

அது எங்கள் வீட்டு அம்மி ஆடாமலிருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல் என்பது, குழி இடுப்பளவு இறங்கின பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.